இடப்பக்கப் பிரேக்

குகதாசன் பிடிவாதக்காரர் என்பது வெள்ளவத்தையில் அவரை அறிந்த எல்லாருக்கும் தெரியும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்கிறவர்களாவது முயலை ஒருதரம் பிடித்துப் பார்த்திருப்பார்கள். இவர் முயலைப் பார்க்கவே மாட்டேன் என்று ஒரு வருசம் இருந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், மெக்கானிக் நோபேட்டின் கராஜுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த தன்னுடைய பழைய சன்னி காருக்கு முன்னால் நின்று, "அந்த இடப்பக்க முன் பிரேக்கைக் கழட்டிப் பாக்க வேணும்" என்றார். அதற்கு அவருடைய மனைவி தவமலர் எத்தனை நாள் அழுதிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். போன வருசம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அவருடைய மகன் ராகுலனும் மகள் சாம்பவியும் நீர்கொழும்பில் ஒரு கலியாண வீட்டுக்கு இந்தக் காரில் போனார்கள். ராகுலன் ஓட்டினான். ஜா-எல தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. அவன் பிரேக்கை அழுத்தினான். கார் வலப்பக்கமாக வெட்டித் திரும்பி, எதிரே வந்த லொறிக்குக் குறுக்கே போய் நின்றது. லொறி இடப்பக்கக் கதவில் ஏறியது. அந்தக் கதவோடுதான் சாம்பவி இருந்தாள். இருபத்துமூன்று வயது.

நெற்றியில் ஏழு தையலோடு செத்தவீட்டில் நின்ற ராகுலன், "பிரேக் அடிச்ச உடனை கார் தானா வலப்பக்கம் இழுத்தது அப்பா" என்றான். வந்திருந்த சனம் அவ்வளவுக்கும் முன்னால் குகதாசன் சொன்னார்: "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டவளாம். காரைச் சொல்லாதை. நீதான்டா என்ர பிள்ளையைச் சாக்காட்டினனீ."

அதற்குப் பிறகு அவர் மகனோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே குளியலறை. தவமலர் நடுவில் நின்று இவர் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். வருச முடிவில் ஆட்டைத் திவசம் முடிந்ததும் ராகுலன் கனடாவுக்கு விசா எடுத்துவிட்டான். வியாழக்கிழமை பயணம். போகிறவன் திரும்பி வருகிற மாதிரி எதையும் அடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான், அதையும் தாயிடம்: "நான் போறதுக்கு முதல் ஒருக்கா அந்த இடப்பக்கப் பிரேக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ அம்மா. ஒரு பக்கம் பிடிக்காட்டித்தான் மற்றப் பக்கம் இழுக்குமாம். நான் சொன்னது பொய்யெண்டால் பொய்யெண்டே இருக்கட்டும்."

தவமலர் மூன்று நாள் கெஞ்சினாள். நாலாம் நாள் குகதாசன் சேர்ட்டைப் போட்டார்.

நோபேட் அவரைவிடப் பத்து வயது இளையவன். காரை வாங்கிய நாளிலிருந்து அவன்தான் பார்த்து வந்தான். ஆனால் பெட்ரோல் வரிசைக் காலத்தில் கார் எட்டு மாதம் வீட்டுக்கு முன்னால் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஓடாமல் நின்ற பிறகு அவன் பக்கம் வரவில்லை. விபத்துக்குப் பிறகு இழுத்து வந்து போட்டதுதான். நொறுங்கிய கதவின் மேல் ஒரு பழைய தார்பாயைப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல்லும் வைத்திருந்தான். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்தது. குகதாசன் அந்தத் தார்பாயைப் பார்த்தார், விலகியிருந்த கல்லை நேரே வைத்தார்.

"முதல்ல வலப்பக்கத்தைக் கழட்டுவம் அண்ணே. ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் விளங்கும்" என்றான் நோபேட்.

வலப்பக்கம் பத்து நிமிசத்தில் வந்துவிட்டது. சில்லைக் கழற்றி, பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் நீட்டு ஸ்பனரால் ஒரு இழுவை இழுக்க, அவை பிடிவாதம் இல்லாமல் சுழன்றன. உள்ளே இருந்த பிரேக் கட்டைகள் இரண்டும் தேய்ந்துபோய் இரும்பு தெரிந்தது. நோபேட் அவற்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து நிலத்தில் வைத்தான்.

இடப்பக்கத்துக்கு வந்தார்கள். மத்தியானம் வரை அங்கேயே நின்றார்கள். ஸ்பனர் வைத்து இழுத்தால் கார்தான் ஆடியது. ஸ்பனர் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் நோபேட் தன் முழுப் பாரத்தோடு தொங்கினான். கீழ் போல்ட்டின் தலை மெழுகு போல வழுகி உருண்டையாகிப் போனது. மேல் போல்ட் அசையவே இல்லை.

"வெள்ளவத்தைக் கார் எல்லாம் இப்பிடித்தான். கடல் காத்துத் தின்னுறது" என்றான் நோபேட்.

"ஏன், வலப்பக்கத்துக்குக் கடல் காத்து வராதோ?" என்று கேட்டார் குகதாசன். நியாயமான கேள்வி. நோபேட் தலையைச் சொறிந்தான்.

மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து போல்ட்டுகளுக்கு ஊற்றி, இரவு முழுக்க ஊறட்டும் என்று விட்டார்கள். "வெட்டி எடுக்கிறது எண்டா அஞ்சு நிமிச வேலை அண்ணே" என்றான் நோபேட். குகதாசன் கூடாது என்றார். வெட்டினால் எது முதலே உடைந்தது, எது தாங்கள் உடைத்தது என்று தெரியாமல் போய்விடும். மகன் கேட்டது கழற்றிப் பார்க்கத்தான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பிரேக் சரியாக இருந்தால் மகன் கொன்றவன். பிரேக் பழுதாக இருந்தால், செத்தவீட்டில் நெற்றியில் தையலோடு நின்ற பிள்ளையைச் சொன்ன சொல்லுக்குத் தான் பாவி. இரண்டில் எது வந்தாலும் சாம்பவி வரப்போவதில்லை. வீட்டு வாசலில் தவமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "இன்னும் கழரேல்லை" என்று மட்டும் சொன்னார். உள் அறையில் பெட்டி அடுக்குகிற சத்தம் நின்று, கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டது.

புதன்கிழமை நோபேட் நெருப்பை ஊதுகிற காஸ் விளக்கைக் கொண்டுவந்தான். மேல் போல்ட்டைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினான். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து, சூட்டில் நின்ற போல்ட்டின் கழுத்தில் தொட்டான். மெழுகு உருகிப் புரிக்குள் தானாகவே உறிஞ்சப்பட்டது.

"எண்ணெய் போகாத இடத்துக்கும் இது போகும்" என்றான். "அந்தோனியாருக்கு ஏத்தின திரி. மிச்சத் துண்டெல்லாம் மனுசி எடுத்து வைப்பா."

"அந்தோனியார் காணாமல் போனதைத்தானே எடுத்துத் தருவார்" என்றார் குகதாசன்.

"அதுக்குத்தானே நாங்களும் நிக்கிறம்."

மூன்றாம் தரம் சூடாக்கி மெழுகு தொட்டு, குழாயைப் போட்டு இழுத்தபோது ஒரு கிரீச்சல் கேட்டது. மேல் போல்ட் கால்வாசி சுற்றியது. நோபேட் அவசரப்படவில்லை. முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம், திரும்ப எண்ணெய், திரும்ப முன்னுக்கு. பத்து மணிக்கு அது கையில் வந்தது. வழுகிப்போன கீழ் போல்ட்டின் தலையில் ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டிங்கால் ஒட்டி, அந்தச் சூட்டோடேயே திருப்பினான். அதுவும் அசையத் தொடங்கியது. முழுக்க வரவில்லை. ஆனால் பிரேக் கட்டைகளை வெளியே இழுக்க இவ்வளவு இடம் காணும், போதும் என்றான்.

நோபேட் அவற்றைத் துடைத்து, நேற்றுக் கழற்றிய வலப்பக்கக் கட்டைகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தான். வலப்பக்கத்துக் கட்டைகள் பிஸ்கட் கனம்கூட இல்லை. இடப்பக்கத்துக் கட்டைகள் கடையிலிருந்து வந்த கனத்தில் இருந்தன.

"பாத்தீங்களா அண்ணே. இது பிடிக்கவே இல்ல. உள்ளுக்குள்ள தள்ளுற இரும்பு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. எவ்வளவு காலமோ தெரியாது, வலப்பக்கம் தனியத்தான் கார நிப்பாட்டியிருக்கு. மெதுவா ஓடைக்குள்ள விளங்காது. அவசரத்துல ஒரேயடியா மிதிச்சா வலப்பக்கம்தான் இழுக்கும். தம்பி இல்ல, நான் ஓடியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

குகதாசன் பழைய பற்றரிப் பெட்டியில் இருந்தார். "அவன் சொன்னது சரி" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் செத்த அன்றைக்குக்கூட அழாத மனுசன். ஒரு வருசம் ஒரு மாதம் அந்தப் பிள்ளை தன் முன்னால் குனிந்த தலையோடு சோறு தின்றதை நினைத்து நினைத்து அழுதார். நோபேட் அவருக்கு முகம் கொடுக்காமல் கீழ் போல்ட்டோடு மினக்கெட்டான்.

அத்தோடு எழும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதை இவ்வளவு கேவலமாக முடிந்திராது. ஆனால் நோபேட்டுக்குக் கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது: ஒரு பக்கம் மட்டும் ஏன்? மிச்ச போல்ட்டையும் எடுத்துப் பார்ப்போம் என்று சுத்தியலால் தட்டினான். சில்லுக்குப் பின்னால் பிரேக் எண்ணெய் வருகிற இறப்பர்க் குழாயில் சேற்றுக் கட்டி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அது தட்டலுக்கு உடைந்து கீழே விழுந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்படுவது இப்படித்தான். சேறு இல்லை, துணி. துருவில் ஊறிப் பழுப்பாகிப் போன ஒரு சின்னப் பொட்டலம். நோபேட் பிரித்தான். நிறம் போன இரண்டு செத்தல் மிளகாய், கொஞ்சம் கடுகு. மற்றது எல்லாம் கரைந்து போயிருந்தது. குழாயைச் சுற்றி, அதே போலப் பழைய துணி நாடாக்கள் ஆறேழு முடிச்சு. அதற்குக் கீழே இரும்பு முழுக்க வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது. நோபேட் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு" என்றான். "கண்ணூறுக்குக் கட்டுறதுதானே. எங்கட தெருவுலயும் கட்டுவாங்க. ஆனா வெளியில, பம்பர்ல கட்டுவாங்க. இங்க ஏன் கட்டினாங்க?"

குகதாசன் அந்தத் துணியைக் கையில் வாங்கினார். ஓரத்தில் பச்சைக் கரை. அவருடைய பழைய வேட்டி.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கார் வாங்கிய புதிதில் தவமலர் உப்பும் மிளகாயும் கடுகும் பொட்டலமாகக் கட்டிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டாள். "இது காரோ, ஊறுகாய்ப் போத்தலோ? என்னோடை கந்தோரிலை வேலை செய்யிற சனம் சிரிக்குது" என்று சொல்லி அவர் அதைப் பிய்த்துக் குப்பைக்குள் போட்டார். அவள் அதற்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தார். தவமலரோடு முப்பது வருசம் குடும்பம் நடத்தியவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஒழுங்கையில் காரின் வலப்பக்கம் எப்போதும் சுவரோடு ஒட்டி நிற்கும். எடுக்கச் சுகம் என்று முன்சில்லை வெளியே திருப்பியபடி நிறுத்துவது அவருடைய பழக்கம். அப்படி நிறுத்தினால் சில்லுக்குப் பின்னால் ஒரு கை போகிற இடைவெளி இருக்கும். விடிய அவர் எழும்ப முன்னம், வெள்ளிக்கு வெள்ளி, அவள் குந்தியிருந்து பழசுக்கு மேல் புதுசு கட்டியிருக்கிறாள். உப்புக் கரைந்தால் கண்ணூறு கரைந்தது என்பது அவளுடைய கணக்கு. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. மழைக்கும் கடல் காற்றுக்கும் அது கரைந்து கரைந்து நேரே பிரேக்கில் இறங்கியிருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. மகள் போன நாளிலிருந்து தவமலர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்வாள்: "அந்த வெள்ளி நான் உப்பு மாத்தேல்லை. என்ர பெரியப்பா லண்டனிலை செத்த துடக்கெண்டு விட்டிட்டன். ஒரே ஒரு வெள்ளி விட்டன், அடுத்த நாள் பிள்ளை எங்களை விட்டிட்டுப் போட்டுது." வாசற்படியில் வைக்கிற உப்புச் சட்டியைத்தான் சொல்கிறாள் என்று குகதாசன் நினைத்திருந்தார். அவள் சொன்னது இதை. ஒரு வெள்ளி விட்டதுக்கே ஒரு வருசமாகச் செத்துக்கொண்டிருக்கிறவள், விடாத வெள்ளிகள் செய்த வேலையை அறிந்தால் என்ன ஆவாள்?

"நோபேட், இதை எரிச்சு விடு" என்றார்.

நோபேட் பொட்டலத்தைத் தகரத்தில் வைத்துக் காஸ் விளக்கைப் பிடித்தான். மிளகாய் எரிந்தால் தும்மல் வர வேண்டும், வராவிட்டால் கண்ணூறு கடுமை என்று தவமலர் சொல்வாள். இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. மழையில் ஊறி, பிறகு ஒரு வருசம் துருவில் கிடந்த மிளகாயில் காரம் எங்கே இருக்கப் போகிறது?

"ஆர் கேட்டாலும் பிரேக் இறுகிக் கிடந்தது எண்டு மட்டும் சொல்லு. இதை நீ காணேல்லை."

"நான் எதைக் கண்டன் அண்ணே" என்றான் நோபேட்.

வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். இருக்க இடம் இருந்தும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மகன் தப்புவான், தாய் செத்துப் போவாள். சொல்லாவிட்டால் மகன் கொலைகாரனாகவே விமானம் ஏறுவான். பிரேக் பழுது என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம், ஆனால் ராகுலன் நிறுத்த மாட்டான். ஏன் பழுதாயிற்று என்று கேட்பான், கேட்கிற சாதி அவன், தகப்பனைப் போல. யாராவது ஒருவர் தலையில் அது இறங்கத்தான் வேண்டும். பம்பலப்பிட்டி தாண்டும்போது யாருடைய தலை என்று முடிவு செய்துவிட்டார். ஊறுகாய்ப் போத்தல் என்று சிரித்தது தன் வாய்தானே. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் உப்பு கண்ணாடியிலேயே தொங்கியிருக்கும்.

வீட்டில் ராகுலன் முன்னறையில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். தவமலர் குசினி வாசலில் நின்றாள்.

"ராகுலன்" என்றார் குகதாசன்.

ஒரு வருசத்துக்குப் பிறகு தகப்பன் வாயில் தன் பெயரைக் கேட்டவன் பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"இடப்பக்கப் பிரேக் இறுகித்தான் கிடந்தது. பிடிக்கவே இல்லை. நீ சொன்னது சரி. உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

தவமலர் "முருகா" என்று சொல்லிக் கதவில் சாய்ந்துவிட்டாள். ராகுலனின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி உடைந்தது. இரண்டு அடி தகப்பனை நோக்கி வந்தான். அந்த இரண்டு அடியைக் குகதாசன் சாகும்வரை மறக்கப் போவதில்லை. மூன்றாவது அடியில் நின்றான்.

"ஏனப்பா இறுகினது? ஒரு பக்கம் மட்டும்?"

"பழுதாப் போச்செண்டு நோபேட் எனக்கு முதலே சொன்னவன். மாத்த வேணும் எண்டவன். நான்தான் பாப்பம் பாப்பம் எண்டு விட்டிட்டன்."

"எப்ப சொன்னவர்?"

"அதுக்கு ஆறேழு மாசத்துக்கு முதல்."

"தெரிஞ்சுகொண்டோ எங்களை அந்தக் காரிலை விட்டனீங்கள்?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ செத்தவீட்டிலை அத்தனை சனத்துக்கு முன்னாலை என்னை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

குகதாசன் தவமலரைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

ராகுலன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் போய்ப் பெட்டியின் சிப்பை இழுத்து மூடி, பூட்டைப் போட்டான். தவமலர்தான் கதைத்தாள். முதலில் அவள் சொன்னது குகதாசனுக்குச் சொன்னது இல்லை, தனக்கே சொன்னது: "அப்ப, நான் அந்த வெள்ளி விட்டதாலை இல்லை." அவள் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பிறகு நிமிர்ந்தாள். "நீங்களும் ஒரு மனுசனோ?" என்றாள்.

அன்று பின்னேரம் மேசையில் ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டு மூடி வைத்திருந்தாள். தாயும் மகனும் குசினிக்குள் இருந்து சாப்பிட்டார்கள். உள்ளே ராகுலன் ஏதோ சொல்லத் தவமலர் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலம். குகதாசன் தனியே இருந்து தின்றார். கேட்டதைப் பெற்றுவிட்டேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அது உண்மையும்தான், ஆனால் பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு எழும்பினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கட்டுநாயக்காவுக்குப் போக வான் வந்தது. சாரதி ஒரு சிங்களப் பெடியன். "அப்பா வரத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ" என்று ராகுலன் தாயிடம் சொன்னான், பழைய மாதிரியே. தவமலரும் போகவில்லை. வாசலிலேயே வைத்து உப்புத் தட்டால் மகனுக்கு மூன்று தரம் சுற்றி நாவூறு கழித்தாள். பிறகு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வானின் முன்சில்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

குகதாசன் பாய்ந்து போனார். "தா, நான் கட்டுறன். உள்ளுக்குள்ளை, கண்ணாடியிலை கட்டுவம்."

"தொடாதேங்கோ" என்றாள் தவமலர். "உங்கட கை இதிலை பட வேண்டாம்." சில்லுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே, பழகிய கையால் இரண்டு முடிச்சுப் போட்டாள். குகதாசன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தவமலர் எழும்பிப் போய் மகனைக் கட்டிப்பிடித்து அழுதாள். ராகுலன் வானில் ஏறினான், தாய்க்குக் கை காட்டினான், கண்ணாடியை ஏற்றினான்.

ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு பிடி உப்பு ஒன்றும் செய்யாது. அது குகதாசனுக்குத் தெரியும். ஆனால் சாரதிப் பெடியன் அதைக் காணாமல் மாதக் கணக்கில் ஓடுவானே. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். மனம் கேட்கவில்லை. வான் புறப்பட முன்னம் சாரதியின் பக்கம் போய்க் குனிந்து, திரும்பி வந்ததும் சில்லில் கட்டியிருப்பதைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லிச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பெடியன் ஏன் என்று கேட்டான்.

"லுணு, மல்லி. பிரேக் எக்கட்ட ஹொந்த நே" என்றார். உப்பு, தம்பி. பிரேக்குக்குக் கூடாது.

பெடியன் தலையாட்டினான். வான் ஒழுங்கை முனையில் பெருந்தெருவான காலி வீதிக்குத் திரும்பியது. குகதாசன் திரும்பினார். உப்புத் தட்டைக் கையில் ஏந்தியபடி தவமலர் இரண்டு அடி பின்னால் நின்றாள்.

"என்ன சொன்னனீங்கள் அவனிட்டை?"

"கவனமா ஓடச் சொன்னனான்."

முப்பது வருசம் வெள்ளவத்தைச் சந்தையில் சிங்களத்தில் சாமான் வாங்கினவளுக்கு லுணு என்ற சொல் தெரியாமல் இருக்க வழியில்லை. பிரேக் எல்லாப் பாசையிலும் பிரேக்தான். அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு வான் நின்ற இடத்தை, ஒழுங்கைச் சுவரை, ஒரு காலத்தில் சன்னி நின்ற சுவரோரத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குகதாசன் "உள்ளுக்கு வா" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ராகுலன் தாயின் போனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தான். அவள் அதை வாசித்துவிட்டுப் பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். வாசற்படியில் உப்புச் சட்டி இல்லை. குசினியில் உப்புப் போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது.

மத்தியானம் அவள் மேசைக்கு வந்து அவருக்குப் பரிமாறினாள். பருப்பு, பூசணிக்காய், கீரை. தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள். குகதாசன் முதல் வாய் வைத்தார். பருப்பில் ஒரு கல் உப்பு இல்லை. பூசணிக்காயில் இல்லை. கீரையில் இல்லை. அவர் நிமிரவில்லை. ஒவ்வொரு வாயாகப் பிசைந்து தின்றார். அவளும் தின்றாள். அவளுடைய இரண்டு கண்ணிலிருந்தும் நீர் ஓடிக் கோப்பைக்குள் விழுந்தது, துடைக்கவில்லை.

"உப்புக் காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும்" என்றார் குகதாசன்.